பெரியவனும் குட்டியும் ஒரு பட்டாணித் தங்கமும்

மண்ணுக்குள் கிடக்கும் தங்கத்தைக் கூவிக் காட்டும் பழைய டிடெக்டர் வெள்ளிக்கிழமை காலை உயிரை விட்டது. பதினொரு வருடம் உழைத்த யந்திரம். கடைசியாக அது கூவிக் காட்டியது ஒரு மத்தி மீன் டப்பாவின் மூடியை. லிண்டன் அதைப் போர்வையில் சுற்றி வண்டியில் கிடத்தியபோது முகத்தை எழவு வீட்டுக்காரன் போல வைத்துக்கொண்டான். ஆனால் மதியம் டனோலி ஊரில் இந்த யந்திரங்கள் விற்கும் பாஸ்கோவின் கடைக்குள் அவன் நுழைந்த வேகத்தைப் பார்த்ததும், அந்தத் துக்கத்தின் ஆழம் எவ்வளவு என்று அவன் மனைவி நோலீனுக்குத் தெரிந்துவிட்டது. அறுபத்தேழு வயதில் ஒரு மனிதன் அப்படித் தாவக் கூடாது.

கடையில் இரண்டு யந்திரங்கள் தேறின. ஒன்றுக்கு லிண்டன் அங்கேயே 'பெரியவன்' என்று பெயர் வைத்துவிட்டான். அது முழங்கை ஆழத்தில் கிடக்கும் தங்கத்துக்கும் குரல் கொடுக்குமாம். அதைத் தூக்கத் தோளில் பட்டை, இடுப்பில் பட்டை, முதுகில் பேட்டரி என்று குதிரைக்குச் சேணம் கட்டுவதுபோல் கட்ட வேண்டும். விலையைக் கேட்டால் ஒரு பழைய கார் வாங்கிவிடலாம். மற்றது கைத்தடி கனம்தான். ஆழம் போகாது, ஆனால் அரிசிமணி அளவு தங்கத்தைக்கூட விடாது. நோலீன் அதை ஒரு கையால் இப்படியும் அப்படியும் வீசிப் பார்த்தாள். 'குட்டி' என்று அவளும் பெயர் வைத்தாள்.

இரண்டையும் வாங்க வழியில்லை. வழியிருந்தாலும் வழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்கு ஒரே யந்திரம்தான், ஒருவர் அதைத் தரைக்கு மேல் வீசிப் பார்ப்பார், மற்றவர் தோண்டுவார், மதியத்துக்கு மேல் மாற்றிக்கொள்வார்கள். நோலீனின் வலது தோள் போன குளிர்காலத்திலிருந்து சரியில்லை. பெரியவன் வீட்டுக்கு வந்தால் அவளால் அதைத் தூக்க முடியாது. அதாவது, இனி ஆயுசுக்கும் தோண்டுகிறவள் அவள்தான். இதை அவள் லிண்டனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் உடனே பெரியவனை விட்டுவிடுவான், அப்புறம் பத்து வருடம் அதை நினைத்துப் பெருமூச்சு விடுவான். குட்டி ஜெயித்தால் தன் யோக்கியதையால் ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு.

பாஸ்கோ வானொலியில் கால்பந்தாட்டச் செய்தி கேட்டுக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் இரண்டு யந்திரங்களையும் எடுத்துப் போகச் சொன்னான். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் வேண்டாததைத் திருப்பித் தர வேண்டும், மற்றதற்கு ரசீது போடுவான்.

"சண்டை போட்டு ரத்தக் காயத்தோட வராதீங்க. என்கிட்ட பிளாஸ்திரி கிடையாது," என்றான்.

சனிக்கிழமை பூராவும் நொண்டிக்குதிரை ஓடையில் இருவரும் வீசினார்கள். பெரியவன் முழங்கை ஆழத்திலிருந்து ஒரு குதிரை லாடத்தை எடுத்துக் கொடுத்தான். குட்டி நாலு ஈய ரவைகளைப் பொறுக்கித் தந்தாள். பஞ்சாயத்து தீரவில்லை. ஞாயிறு காலை தேநீர் குடிக்கும்போதுதான் லிண்டனுக்கு அந்த யோசனை வந்தது.

"நெசத் தங்கத்தைப் புதைச்சுப் பார்ப்போம் நோல். ஈயத்துக்கும் தங்கத்துக்கும் சத்தமே வேற. நான் புதைக்கிறேன், நீ பார்க்காத. அப்புறம் ரெண்டையும் வீசுவோம். எது நல்லாப் பாடுதோ அது நமக்கு."

"எந்தத் தங்கத்தை?"

லிண்டன் அவள் தொப்பியைப் பார்த்தான்.

தங்கம் தேடுகிறவர்கள் கையில் மோதிரம் போட மாட்டார்கள். யந்திரத்தின் அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குப் பக்கத்தில் மோதிரக் கை போனால் யந்திரம் அலறிவிடும். நோலீனின் கல்யாண மோதிரம் அவள் தொப்பியில் இருந்தது, மோதிரமாக அல்ல, பட்டாணி அளவு ஒரு தங்கக்கட்டியாக. லிண்டன் அதை ஓர் எஃகு ஊக்கில் பற்றவைத்துக் கொடுத்திருந்தான். ஆறு வருடத்துக்கு முன், அவள் கணவனை இழந்தவள், அவன் மனைவியை விட்டுப் பிரிந்தவன், இருவரும் ஒரே சங்கத்தில் தங்கம் தேடிக்கொண்டிருந்தபோது, இதே நொண்டிக்குதிரை ஓடையில் ஒரு மரத்தடியைக் காட்டி, "இங்க கொஞ்சம் வீசிப் பாருங்களேன்," என்றான் லிண்டன். யந்திரம் பாடியது. தோண்டினாள். கட்டி வந்தது. அவள் "கூஈ" என்று ஓடை முழுக்கக் கேட்கும்படி கூவித் தொப்பியை வானத்தில் எறிந்தாள், அது மரக்கிளையில் போய் மாட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் லிண்டன் கல்யாணம் கேட்டு முழந்தாளிட்டு இருந்தான்.

முதல் கொத்திலேயே மண் பொலபொலவென்று வந்ததும், அது அன்று காலைதான் யாரோ தோண்டி மூடிய மண் என்பதும் நோலீனுக்குத் தெரியும். இருபது வருடம் மண்ணைக் கிளறியவளுக்கு அதுகூடவா தெரியாது? ஆனால் ஆசையாக ஒரு காரியம் செய்தவன் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்று வரைக்கும் சொல்லவில்லை.

"ஒரு சாண் ஆழம்தான். அதுக்கு மேல போனா கள்ளாட்டம்," என்று சொல்லி ஊக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

லிண்டன் கொத்தை எடுத்துக்கொண்டு போனான். நீண்ட பிடி போட்ட கொத்து, அதன் முதுகில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்றை ஒட்டியிருந்தான். ஆணியும் தகரத் துணுக்கும் மண்ணோடு வந்தால் அதுவே இழுத்துக்கொள்ளும். குழி தோண்டினான், ஊக்கோடு கட்டியை வைத்தான், கொத்தைத் திருப்பி அதன் முதுகால் குழிக்குள் மண்ணைத் தள்ளினான், தட்டி இறுக்கினான். அதோடு விட்டிருக்கலாம். முப்பது வருடப் பழக்கம் விடவில்லை. தங்கம் எடுத்த இடம் அடுத்தவன் கண்ணில் படக் கூடாது என்று குழியை மூடி, மேலே சருகைப் பரப்பி, பூட்ஸ் தடத்தைக் கிளையால் பெருக்கி, இரண்டு கல்லையும் உருட்டிவிட்டு வருவதுதானே இந்தப் பக்கத்து மரியாதை. கை தானாக அத்தனையும் செய்து முடித்தது.

"வா," என்று கூப்பிட்டான். நோலீன் குட்டியை எடுத்து வீசினாள். சத்தமில்லை. பெரியவனை லிண்டன் மாட்டிக்கொண்டு வீசினான். சத்தமில்லை.

"எந்த இடம், சொல்லு. தோத்துட்டாங்க ரெண்டு பேரும்," என்றாள் நோலீன்.

"அந்தச் சாய்ஞ்ச மரத்துக்கு நாலு எட்டு," என்று லிண்டன் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது. சாய்ந்த மரம் ஒன்றல்ல, கண்ணுக்கு எட்டிய வரை அத்தனையும் சாய்ந்தே நின்றன. தரையைப் பார்த்தான். சருகு, கல், சருகு. அந்த மண்ணை மனிதக் கை தொட்ட அடையாளமே இல்லை. அவ்வளவு சுத்தமாக மூடியிருந்தான்.

நோலீனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வெறுந்தொப்பியைத் தொட்டுப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். ஆணி வந்தது, மதுப்புட்டி மூடி வந்தது, நூறு வருடத்துப் பூட்ஸ் கொக்கி வந்தது. ஒவ்வொரு முறை தோண்டி முடித்ததும், மண்ணில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தட்டை வைத்துப் பார்க்க வேண்டும். அந்நேரம் கொத்து பக்கத்தில் இருந்தால் யந்திரம் காதைக் கிழிக்கும். "கொத்தைத் தூரப் போடு," என்று நோலீன் கத்துவாள், லிண்டன் வீசி எறிவான். மறுபடி எடுப்பான், மறுபடி கத்துவாள், மறுபடி எறிவான். மத்தியானத்துக்குள் அந்தக் கொத்து ஓடைக்கு இந்தக் கரையும் அந்தக் கரையுமாய்ப் பறந்தது.

மூன்று மணிக்கு லிண்டன் பெரியவனைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையாலேயே சருகைக் கிளற ஆரம்பித்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நோலீன் எவ்வளவோ சொன்னாள், போனால் போகிறது, பொன்தானே, இந்த ஓடை கொடுத்தது, இந்த ஓடையே எடுத்துக்கொண்டது என்றாள். அவன் தலை நிமிரவில்லை.

"பொன்னு கிடக்கட்டும். உனக்குன்னு நான் குடுத்தது அது ஒண்ணுதானே நோல்," என்றான்.

அந்தக் குரல் அவளை என்னவோ செய்தது. மனிதன் அழுதுவிடுவான் போலிருந்தது. அவனுக்குக் கொஞ்சம் தேநீராவது கொடுக்கலாம் என்று வண்டிக்குப் போனாள். போகிற வழியில் கிடந்த கொத்தையும் கையோடு எடுத்துப் போனாள். பிளாஸ்கைத் திறந்து தேநீரை ஆறவிட்ட இடைவெளியில், வழக்கம்போல் கந்தலால் காந்தத்தைத் துடைக்கப் போனாள். காந்தத்துக்கு ஒரு சாண் தாடி முளைத்திருந்தது, செம்மண், இரும்புத் துகள், வளைந்த ஆணிகள். தாடியைப் பிடித்து இழுத்தாள். விரலில் சுருக்கென்று குத்தியது.

ஊக்கு. ஊக்கின் முனையில் செம்மண் அப்பிய ஒரு பட்டாணி.

நோலீன் வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, கந்தலை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். கொத்தின் முதுகால் குழிக்குள் மண்ணைத் தள்ளினானே, அப்போதே காந்தம் எஃகு ஊக்கைக் கவ்விக்கொண்டது. காலையிலிருந்து இரண்டு யந்திரங்களும் தொண்டை கிழியக் கத்தி அதைத்தான் காட்டிக் கொடுத்திருக்கின்றன, இவர்கள் இருவரும் ஒவ்வொரு முறையும் தங்கத்தைத் தூக்கித் தூக்கி எறிந்திருக்கிறார்கள். சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். தூரத்தில் லிண்டன் அவளுக்கு முதுகைக் காட்டி முழந்தாளிட்டிருந்தான். அவளுக்குள் ஒரு குறும்பு எழுந்தது. அது குறும்பு மட்டும்தானா, கூடக் கொஞ்சம் சுயநலமும் உண்டா என்று கேட்டால், உண்டுதான்.

அவன் இன்னும் கிளறாத ஒரு மரத்தடிக்குப் பூனை மாதிரி நடந்து போனாள். கையாலேயே ஒரு சாண் தோண்டினாள், ஊக்கை வைத்தாள், மூடினாள், சருகைப் பரப்பினாள், தடத்தைப் பெருக்கினாள், ஒரு கல்லை உருட்டிவிட்டாள். பிறகு தேநீரும் குட்டியுமாக அவனிடம் போனாள்.

"இதைக் குடி. குடிச்சிட்டு என் ஆளை வச்சு ஒரே ஒரு சுத்து சுத்து. பெரியவன் பாவம், அசந்துட்டான்."

"இந்தக் குச்சியா? காலையிலேருந்து ஆணியத் தவிர இது என்னத்தைக் கண்டுச்சு?"

"சுத்துன்னா சுத்து. அந்த மரத்தடியப் பார்க்கவே இல்லையே நீ."

லிண்டன் மனமில்லாமல் எழுந்து போய் வீசினான். இரண்டாவது வீச்சிலேயே குட்டி பாடினாள், மெல்லிய, இனிமையான குரலில். அவன் அசையாமல் நின்றான். குனிந்து மண்ணைத் தொட்டான். ஒரு கணம் அப்படியே இருந்தான். அப்புறம் இரண்டு கையாலும் வாரினான்.

"கூஈ" என்று அவன் கூவிய கூவலில் மரத்திலிருந்த மேக்பை பறவைகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. தொப்பியைத் தூக்கி வானத்தில் எறிந்தான். ஊக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அறுபத்தேழு வயதையும் மறந்து, சருகில் சறுக்கிச் சறுக்கி ஆடினான். நோலீனையும் இழுத்துச் சுற்றினான். அவளும் தலைகால் புரியாமல் சுற்றினாள். இந்த ஆட்டத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது, சந்தோஷத்தில் அதற்கு மேல் யோசிக்க ஓடவில்லை.

"உலகத்துலயே இதை அடிச்சுக்க ஒரு யந்திரம் கிடையாது," என்று லிண்டன் குட்டியை முத்தமிட்டான்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடைக்குள் நுழைந்தார்கள். லிண்டன் பெரியவனை மேசைமேல் வைத்தான், குட்டிக்கு ரசீது போடச் சொன்னான். பாஸ்கோ அவனை ஏற இறங்கப் பார்த்தான். வெள்ளிக்கிழமை பெரியவனைப் பார்த்து ஜொள்ளு விட்ட ஆளா இது என்று கேட்டான். ஆழத்தில் கிடப்பது கிடக்கட்டும், கைக்கு எட்டுவதே போதும் என்று லிண்டன் பெரிய மனிதன் போலச் சொன்னான். நோலீன் அலமாரியில் இருந்த காலுறைகளை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு தொண்டை வரை வந்து நின்றது, கூடவே கொஞ்சம் குற்ற உணர்ச்சியும்.

வண்டியில் ஏறியதும் லிண்டன் சாவியைத் திருகவில்லை. சட்டைப்பையிலிருந்து ஊக்கை எடுத்து, அவள் தொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். வெளிச்சத்தில் ஊக்கைத் திருப்பினான். அதன் கம்பி நெடுக இரும்புத் துகள்கள் சிலிர்த்துக்கொண்டு நின்றன. ஊதினான், போகவில்லை. தட்டினான், போகவில்லை.

"ஊக்கு காந்தமாயிருக்கு நோல்," என்றான்.

நோலீன் நேரே கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தாள். காது மடல் சுட்டது.

"நாளு பூரா காந்தத்துல ஒட்டிக் கிடந்தாத்தான் இப்படி ஆகும்," என்று அவன் துகள்களை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டி எடுத்தான். "மண்ணு வேற பொலபொலன்னு இருந்துச்சு. தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா அந்த ஆட்டம் ஆடின?"

லிண்டன் ஊக்கைத் தொப்பியில் குத்தினான். கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, தொப்பியை அவள் தலையில் வைத்தான்.

"ஆறு வருசத்துக்கு முன்னாடி நீ கூவினதைத்தான் நான் இன்னைக்குக் கூவினேன். தொப்பியக்கூட எறிஞ்சேன்," என்றான். "சரியா வந்துச்சா?"

நோலீன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருடம் அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம், ஆறு வருடமும் அவன் கையில்தான் இருந்திருக்கிறது.

"தொப்பி மட்டும் மரத்துல மாட்டல," என்றாள். அவன் தோளில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். பின்சீட்டில் யாரோ அழுத்திவிட்டதுபோல் குட்டி கீச்சென்று ஒரு குரல் கொடுத்தாள். லிண்டன் வண்டியைக் கிளப்பினான்.