தைவோவின் முகம்

கப்பல்களில் அழுக்குத் துணி எடுத்து, வண்ணாரப்பேட்டையில் வெளுத்துத் திருப்பிக் கொடுப்பது மஜீதின் தொழில். துறைமுகத்துக்குள் போய்வர அவரிடம் பாஸ் இருந்தது. துணி மூட்டையோடு வேறு சிலவும் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. நார்வேக்காரர் ஒருவர் கொடுத்த பூ வரைந்த மரப்பெட்டி, பெரு நாட்டில் செதுக்கிய சுரைக்குடுவை, ஜாவாவின் தோல்பாவை, ருமேனியாவின் ஆட்டுத்தோல் முகமூடி. எலுமிச்சை ஊறுகாய்க்கும் லுங்கிக்கும் மாற்றிக்கொண்டவை. பழசாக இருக்கவேண்டும், யாரோ புழங்கியதாக இருக்கவேண்டும். புதுசை அவர் தொடவே மாட்டார்.

கல்மண்டபம் சந்தில் ஒரே அறை. மனைவி ரஹீமுன்னிசா தொழுவதும் அங்கேதான்; முகமுள்ள உருவத்துக்கு எதிரில் தொழக்கூடாது. அதனால் இருவருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது: முகமில்லாதவை அலமாரியில், முகமுள்ளவை தகரப் பெட்டியில்.

"உலகத்துல கீற பொம்மையெல்லாம் உங்க பொட்டிலதான் குடித்தனம் பண்ணுது. ரேஷன் கார்டு ஒண்ணுதான் பாக்கி" என்பாள். அதற்குமேல் ஒரு நாளும் தடுத்ததில்லை.

தொண்ணூற்றெட்டில் ஒரு சரக்குக் கப்பலின் சமையல்காரர், நைஜீரியாக்காரர் கெஹிண்டே, ஒரு சாண் உயர மரப்பொம்மையை அவர் கையில் கொடுத்தார். எண்ணெய் குடித்துக் கறுத்த மரம். பிதுங்கிய கண்கள், கன்னத்தில் மும்மூன்று கோடுகள். அவரோடு இரட்டையாகப் பிறந்து தொட்டிலிலேயே இறந்துபோன அண்ணன் தைவோவுக்காக அம்மா செய்வித்ததாம். இன்ஜின் இரண்டு முறை நின்றுபோகவே, பொம்மைதான் காரணமென்று மற்ற மாலுமிகள் அதைக் கடலில் வீசப் பார்த்தார்கள்.

"வைத்திருங்கள். திரும்ப வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்றார்.

இரண்டு வருடம் அது பெட்டியில் கிடந்தது. எடுத்துப் பார்ப்பதும் மூடுவதுமாக மஜீதுக்கு ஆசை தீரவில்லை. கண்ணெதிரில் இருக்கவேண்டும் என்று தோன்றியது. ரஹீமுன்னிசா மாத்தூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண், மூக்கு, கன்னத்துக் கோடுகள், எல்லாவற்றையும் தேய்த்தெடுத்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து அலமாரியில் நிறுத்தினார்.

திரும்பி வந்தவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொட்டில வைக்கச் சொன்னேன். மூஞ்சிய அழிக்கச் சொன்னேனா? அது உங்க பொருளா?"

"அவரு இனிமே எங்க வரப்போறாரு?"

"வந்தா?"

மஜீது தரையில் உதிர்ந்திருந்த மரத்தூளைக் கூட்டி அள்ளினார்.

இரண்டாயிரத்து இரண்டில் ஒரு மத்தியானம், டீக்கடை காஜா மொய்தீன் வாசலில் வந்து கத்தினார். "மாமு! கப்பல்காரர் ஒருத்தரு உன் பேரை எழுதி வச்சிகினு சந்து சந்தா சுத்திகினு கீறாரு. எத்தினி சட்டைய தொலைச்ச?"

கெஹிண்டேவின் தலை நரைத்திருந்தது. பாயில் உட்கார்ந்து டீ குடித்தார். அம்மா போன வருடம் இறந்துவிட்டாள் என்றார். மஜீதுக்குப் பொய்கள் வரிசையாக வந்தன. கரையான் அரித்துவிட்டது. மழையில் போய்விட்டது. ரஹீமுன்னிசா அடுப்படியிலிருந்து மஜீதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்துபோய் பொம்மையை எடுத்து, முதுகுப்பக்கம் தெரியும்படி நீட்டினார்.

கெஹிண்டே திருப்பிப் பார்த்தார். முகம் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல மேலும் கீழும் தடவினார். சந்தில் ஒரு மீன்காரி கூவிக்கொண்டு போய், அந்தக் குரல் முழுக்கத் தேய்ந்து மறையும் வரை தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்கள் ஊரில் இதைத் தினமும் குளிப்பாட்டுவார்கள், குழந்தையைப் போல" என்றார் கடைசியில். "பெரியம்மா வீட்டுப் பொம்மைக்கு முகமே கிடையாது. அத்தனை வருஷம் தேய்த்திருக்கிறாள். என் அண்ணனை யாரும் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நீங்கள்..."

மஜீதின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். மஜீதின் தலை தானாக ஆடியது, ஆமென்று.

"இன்னா சொல்றாரு?" என்றாள் ரஹீமுன்னிசா. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"நல்லா பாத்துகினோமாம்."

அவள் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கெஹிண்டே பொம்மையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

சாயங்காலம், விளக்கேற்றும் முன் கேட்டாள். "கப்பல் எப்ப கெளம்புதாம்?"

"நாளைக்கு காலைல."

"போய் நெசத்த சொல்லிட்டு வரலாம்ல? பாஸ் கீதுல்ல?"

இருந்தது. விடிந்ததும் சட்டைப்பையில் அதை வைத்துக்கொண்டு துறைமுக கேட் வரைக்கும் போனார். காவலாளி தெரிந்தவர். கேட்டைத் திறந்துவிட்டு, "இன்னா பாய், மூட்டை இல்லாம வந்துகீற?" என்றார். மஜீது உள்ளே போகவில்லை. மதிலோரம் நின்றார். கிரேன்களுக்கு அப்பால் ஒரு கப்பல் ஊதியது. அது அந்தக் கப்பலா, வேறா என்று அங்கிருந்து தெரியவில்லை. காவலாளி கேட்டைச் சாத்தும் வரை நின்றிருந்தார்.