காவாகாவா மென்றவன் பெண் கேட்டு வந்தான்

என்னைப் பெண் கேட்டு வரும் அன்று காலையில்தானா ராவிரிக்குக் கடைவாய்ப்பல் வலிக்க வேண்டும்? போனில் அழாத குறை.

"உயிர் போகுது, மிரியாமா. நான் எப்படிப் பேசுவேன்?"

"வீட்டுக்குப் பின்னாடி காவாகாவா மரம் நிக்குதுல்ல? புழு ஓட்டை போட்ட இலையாப் பாத்து மெல்லு. அதுலதான் மருந்து ஜாஸ்தி. ஒண்ணு போதும்."

எங்கள் ஊரில் பல்வலி வந்தால் எல்லாரும் செய்வதுதான். ஆனால், எங்கள் குலத்தார் கூடும் மன்றமான மராயின் முற்றத்தில் நின்று ஒழுங்காகப் பேசத் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது என்று என் அப்பா ஹோனே ஊரறியச் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில் மகராசன் ஒரு கைப்பிடி இலையை மென்று தொலைத்திருக்கிறான்.

மராய் முற்றத்தில் அவன் ஆட்கள் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ராவிரி எழுந்து வாயைத் திறந்தான். நாக்கு கட்டையாக மரத்துக் கிடந்தது.

"அவ்வ... ஹோவ்வே... உவ்வ ஓவ்வு..."

பக்கத்திலிருந்த கூரா அத்தை என் தொடையைக் கிள்ளினாள். "என்னடி, உன் ஆளு கன்னுக்குட்டியாட்டம் கத்துறான்?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தினால் மூக்கு வழியாக வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுபோனது.

பேச்சு கெட்டால் பேசுகிறவனின் ஆட்கள் பின்னால் எழுந்து பாடி, அவன் மானத்தைக் காப்பாற்ற வேண்டும். பாட்டு முடிந்தால் பேச்சு நிறைந்த மாதிரி. அந்தத் தடியர்களோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தர்கூட எழவில்லை. ராவிரி கண்ணில் நீர் முட்ட, எச்சில் வழிய, தன்னந்தனியாக நின்று அவ்வவ்வென்று பேசிக்கொண்டே இருந்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஒருவர் பேசும்போது இரு தரப்புக்கும் நடுவே யாரும் நடக்கக் கூடாது. நான் நடந்தேன்.

"ஏய், எங்கடி போற?" என்றாள் அத்தை.

அவன் பின்னால் போய் நின்று, என் குரல் எட்டும் உச்சத்தில் பாடினேன். இரண்டாம் அடியில் அவன் ஆட்கள் வெட்கப்பட்டு எழுந்தார்கள். மூன்றாம் அடியில், கூரா அத்தையும் இந்தப் பக்கம் ஓடி வந்து சேர்ந்துகொண்டாள்.

பாட்டு ஓய்ந்தது. அப்பா எழுந்து வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவன் பேசுனதுல ஒரு வார்த்தைகூட விளங்கல. நீ எந்தப் பக்கம் நின்னு பாடுனேங்கறது விளங்குச்சு."

எங்கள் வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்து வரவேற்க ராவிரியைப் பிடித்து இழுத்தார். அவன் வாயிலிருந்து பச்சை எச்சில் அப்பாவின் புதுக் கோட்டில் வடிந்தது. அப்பா அதைத் துடைக்கவேயில்லை.