கண்ணாடிக்குச் சாட்சி

கதவு தட்டப்பட்டபோது வெல்டரின் கையில் அவன் பெண்டாட்டியின் தலைமுடி இருந்தது. அடுப்படிச் சுவரில் ஒருமுறை அவள் நெற்றியை மோதியாகிவிட்டது. இரண்டாவது தடவைக்குக் கையை இழுத்திருந்தான். சத்தம் கேட்டதும் முடியை விட்டான், கையைச் சட்டையில் துடைத்தான், சிரித்த முகத்தோடு போய்த் திறந்தான். முகத்தை மாற்றுவதில் அவனுக்கு நல்ல பழக்கம்.

வாசலில் நின்றவள் பல்கலைக்கழக மாணவி. நெட்டையானவள், கூடப் படிப்பவர்கள் அவளை ஒட்டகம் என்பார்கள். கிராம ஆரோக்கிய ஆராய்ச்சியில் பயிற்சி என்று சொல்லி ஒரு பேராசிரியர் வேன் நிறைய மாணவர்களைக் கொண்டுவந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கியிருந்தார். வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன நோய், என்ன காயம், தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அனுமதி கொடுத்தவர் ஊர்த் தலைவர். அவர் வெல்டரின் அப்பா.

முதலில் வீட்டின் தலைவனிடம் பேச வேண்டும் என்பது பயிற்சியின் விதி. அதனால் வெல்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பெண்டாட்டியின் உடம்பைப் பற்றிய கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்னான்.

"அவளுக்கு ஒரு குறையும் இல்ல. சோறு உள்ள போகுது, வேலை வெளிய வருது."

கட்டிலில் கிடந்த மாமியார், சோறுதான் அதிகமாப் போகுது என்று சேர்த்துக்கொண்டாள்.

ரத்த அழுத்தம் பார்க்கத் தனியிடம் வேண்டும் என்று மாணவி மருமகளைப் பின்அறைக்குக் கூட்டிப்போனாள். அதுவும் பேராசிரியர் கற்றுக்கொடுத்த உபாயம்தான். பட்டையைச் சுற்றக் கையை நீட்டச் சொன்னபோது மோதிர விரல் கொக்கி மாதிரி வளைந்து, கருத்து வீங்கியிருந்தது.

"என்னக்கா இது?"

அவள் கதவைப் பார்த்தாள். பேர் வெளியே வராதா என்று கேட்டாள். சத்தியமாக வராது என்றாள் மாணவி. அதன்பிறகு அவள் அழவில்லை, குரல் ஏறவில்லை, கடையில் சாமான் சொல்வதைப்போலச் சொன்னாள். அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டதற்கு, புருஷன் விரலைப் பீரோக் கதவில் வைத்துச் சாத்தினான். பிறகு கதவின்மேல் சாய்ந்து நின்றான். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வேனில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டால் போதும், அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். பஸ் நிற்கும் இடம் அவனுடைய பட்டறைக்கு நேர் எதிரே. தனியாகப் போக வழியில்லை.

மாணவி நேராகப் பேராசிரியரிடம் போய்க் கேட்டாள். அவர் பொறுமையாக விளக்கினார். நாம் பார்க்க வந்தவர்கள். இன்றைக்கு ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போனால் அடுத்த வருஷம் ஊரே கதவைச் சாத்திவிடும். இவள் ஒருத்திக்காக ஆயிரம் பேருக்கு வரவேண்டிய நன்மை நிற்கலாமா? படித்தவனுக்குப் பயம் வந்தால் பயம் என்று சொல்ல மாட்டான். அதற்கு ஒரு நல்ல பேர் வைத்திருப்பான்.

பயிற்சியின் கடைசி நாள் சாயங்காலம் ஊரைக் கூட்டினார்கள். மக்களிடம் எடுத்ததை மக்களுக்கே திருப்பிச் சொல்ல வேண்டுமாம், அதுவும் விதி. எந்தத் தெருவில் என்ன கண்டோம் என்று மாணவர்களே எழுந்து வாசிக்க வேண்டும். ஒட்டகம் தயங்கினாள். அந்தச் சந்தில் மொத்தம் மூன்றே வீடு, சொன்னால் தெரிந்துவிடும் என்று பேராசிரியர் காதில் சொன்னாள். பேர் எங்கே இருக்கிறது, வாசி என்றார் அவர். மதிப்பெண் அவர் கையில் இருந்தது. வாசித்தாள்.

"பட்டறைச் சந்து. வீட்டு ஆட்களால அடிபட்ட பெண், ஒருத்தர். விரல் எலும்பு முறிவு. சிகிச்சை இல்லை."

ஊர் முழுக்கத் திரும்பி, கடைசி வரிசையில் முந்தானைக்குள் கையை மறைத்து நின்றவளைப் பார்த்தது. தலைவர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். வெல்டரும் தட்டினான்.

வீட்டுக்குப் போனதும் தலைவர் மகனிடம் அதிகம் பேசவில்லை. "ஊரு நடுவுல என் தலையைக் குனிய வெச்சுட்டா" என்றார். எழுந்து முன்வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே வெல்டர் இரும்புக் குழாயை எடுத்தான். எவன்கிட்ட சொன்ன, என்னன்னு சொன்ன என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேள்வி கேட்டான், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதல் அடி முதுகில். இரண்டாவது தோளில். மூன்றாவதைத் தடுக்க அவள் வலது கையைத் தூக்கினாள். மணிக்கட்டு பச்சைக் குச்சி ஒடிகிற சத்தத்தோடு உடைந்தது. அடுத்ததில் வாய் கிழிந்து இரண்டு பல் தரையில் விழுந்தன. மாமியார் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள், ரத்தம் படக்கூடாது என்று. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மூன்றாவது ஆள் தலையிடக்கூடாது என்பது அந்தச் சந்தின் ஒழுக்கம்.

விடிந்ததும் மாணவர்கள் பள்ளிக்கூட வாசலில் மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் நடுத்தெருவில் நடந்து வந்தாள். காலில் செருப்பில்லை. இடது கை வலது கையைத் தூக்கிப் பிடித்திருந்தது. யாரையும் பார்க்காமல் வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பேராசிரியர் ஓடிவந்தார்.

"அம்மா, இறங்குங்க. இது பல்கலைக்கழக வண்டி. வெளியாளுங்களை ஏத்தக் கூடாது."

"உங்க ஆளுங்க என் வீட்டுக்குள்ள வந்தாங்கல்ல?"

ஒட்டகம் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளம்பலாமா என்று டிரைவர் கேட்டார். பேராசிரியர் தலைவர் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

அங்கிருந்து வந்தது வெல்டர். அதே குழாய். ஒரே வீச்சில் ஜன்னல் கண்ணாடி நொறுங்கி இருவர் மடியிலும் கொட்டியது. உள்ளே கையைவிட்டு அவள் முடியைப் பிடித்து இழுத்தான். கழுத்து கண்ணாடி விளிம்பில் உரசிக் கீறியது. ஒட்டகம் ஒரு கையால் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவன் மணிக்கட்டைப் பல்லால் கவ்வினாள். அவன் இன்னொரு கையால் மாணவியின் முகத்தில் குத்தினான். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போனது. அவள் பல்லை எடுக்கவில்லை.

அப்போதுதான் பேராசிரியர் போனை எடுத்தார்.

"சார், எங்க வண்டியை உடைக்கிறாங்க. பல்கலைக்கழகச் சொத்து."

போலீஸ் ஜீப் உடனே வந்தது. வெல்டரின் பெண்டாட்டிக்காக அவள் அக்கா போன வருஷம் இதே ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க நின்று, குடும்ப விஷயம் என்ற பதிலோடு திரும்பிப்போனவள். டிரைவரும் இரண்டு மாணவர்களும் வெல்டரைத் தரையில் அமுக்கி வைத்திருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்து, இதை உடைத்ததைப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டார்.

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த சந்தே முன்னால் வந்தது. சைக்கிள் கடைக்காரர் குழாயின் நீளத்தைக் கை விரித்துக் காட்டினார். டிவியைக் கூட்டிய வீட்டுக்காரி, அவன் எந்தக் கையால் ஓங்கினான் என்பதுவரை சொன்னாள். இவ்வளவு கூர்மையான கண்கள் அந்தச் சந்தில் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

தலைவர் வந்து சேர்ந்தார். கண்ணாடிக்கு உள்ள பணத்தைத் தானே கொடுத்துவிடுவதாகவும் பையன் கோபக்காரன் என்றும் சொன்னார். பேராசிரியரின் முகம் தெளிந்தது. அப்படியென்றால் புகார் தேவையில்லை என்றார்.

வேனுக்குள்ளிருந்து அவள் பேசினாள். பல் போன வாயில் சொற்கள் காற்றோடு வந்தன.

"கண்ணாடிக்கு அவரு குடுத்துடுவாரு. என் கையை எழுதுங்க சார். எழுதற வரைக்கும் இறங்க மாட்டேன்."

"கை உடைஞ்சதை யாரு பாத்தா?"

சந்து தரையைப் பார்த்தது. அடுப்பில் பால் இருக்கிறது என்று ஒருத்தி நழுவினாள். சைக்கிள் கடைக்காரருக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டது.

ஒட்டகம் மூக்கைப் புறங்கையால் துடைத்தாள்.

"நான் பாக்கல சார். நேத்து கூட்டத்துல நான் வாசிச்சதாலதான் உடைஞ்சுது. எங்க சாரு வாசிக்கச் சொன்னாரு, வாசிச்சேன். எங்களையும் சேத்து எழுதுங்க."

பேராசிரியர் அவளைப் பேர் சொல்லி அதட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் தலைவரைப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

வேனுக்குள் கண்ணாடிச் சில்லுகளின் மேல் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கவில்லை.