நூறு டிகிரிக்கு மேல்

என் மனைவி கனகவல்லி நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்குத் தரச் சான்று வந்த கதை இது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். ரிட்டயர் ஆனவனுக்குக் கம்பெனி கொடுக்க மறந்த அலவன்ஸ் அது ஒன்றுதான், நானாக எடுத்துக்கொண்டேன்.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் எங்கள் வீட்டு முன்கூடமும் பக்கத்து அறையும்தான் காப்பகம். பின்னால் எங்கள் படுக்கையறை. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து அழுதால் பேகம்பேட்டில் இறங்க வந்த விமானம் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் பிள்ளைகள். அழுகை மட்டும் எல்லாருக்கும் ஒரே பாஷை.

கனகவல்லியிடம் அப்போது பாலிசி என்று ஒன்றும் கிடையாது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலா, எங்கள் கட்டிலில் போடுவாள். நெற்றியில் ஈரத்துணி, கரைத்த ரசஞ்சாதம், தாய்க்காரிக்கு ஒரு போன். "ஒண்ணுமில்லம்மா, நீ வேலயப் பாரு. சாயங்காலம் வந்தாப் போதும்."

அப்படி இருக்கும்போதுதான் எதிர்ச் சந்தில், சுவர் முழுக்க ஒட்டகச்சிவிங்கி வரைந்த ஒரு பிளே ஸ்கூல் முளைத்தது. எங்கள் பிள்ளைகளில் பாதி அந்த ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே ஏறிப் போய்விட்டன. கனகவல்லி தவித்துப்போனாள். அந்தச் சமயம் பார்த்து, மாதாப்பூரில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி தன் ஊழியர்களின் குழந்தைகளுக்காகக் காப்பகங்களை அங்கீகரிக்கப் போவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை, எல்லாவற்றுக்கும் எழுத்தில் பாலிசி இருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், தீ, புகார், நோய், கை கழுவுவது, எல்லாவற்றுக்கும்.

"நான் கை கழுவாமயா சோறு ஊட்டுதேன்? அத எழுதி வேற மாட்டணுமாக்கும்" என்றாள்.

நான் புருஷோத்தமனைக் கூப்பிட்டேன். குஷாய்குடாவில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். அவன் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மேனுவலாக எழுதித் தள்ளியவன். ஒருவரும் படித்ததில்லை. அவன் மேனுவல் ஒன்றில் ஒரு எலி குடித்தனம் நடத்திப் பேரன் பேத்தி எடுத்தது. இன்ஸ்பெக்ஷன் அன்று பழுதான சரக்கெல்லாம் பின்பக்க ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் போய்விடும். வந்தவர்கள் முன்பக்கத்தைப் பார்த்து, பிரியாணி சாப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பாலிசி என்பது எழுதுவதற்கு, செய்வதற்கல்ல என்று எங்கள் தலைமுறை முழுவதும் மனதார நம்பியது.

புருஷோத்தமன் வாலிபம் திரும்பியவன் போல எழுதினான். தூங்கும் பிள்ளை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கே தனி அத்தியாயம். நோய்க்கு வந்தபோது பேனாவை முத்தமிட்டான். "நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சல் கண்டால் பெற்றோரை உடனே வரவழைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை ஒப்படைக்க வேண்டும். விதிவிலக்கு இல்லை." சட்டையில் சிவப்புச் சீட்டு ஒன்றையும் குத்தலாம் என்றான். கனகவல்லி பார்த்த பார்வையில் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டான்.

"இப்படியெல்லாம் திருப்பி அனுப்ப என்னால ஆவாதுண்ணே" என்றாள்.

"யாரும்மா செய்யச் சொன்னா? எழுதத்தானே சொன்னான்!"

கம்பெனி ஆள் வருகிற அன்று காலையில் சுபாஸ்ரீ தன் மகள் பட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண். அதே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. புருஷன் புனேயில். பட்டுவுக்குத் தடுப்பூசி, டாக்டர் என்று ஏற்கெனவே சில தடவை ஆபீசிலிருந்து பாதி நாளில் எழுந்து வந்திருக்கிறாள்.

"நைட்டெல்லாம் லேசா சுட்டுதுங்க ஆன்ட்டி. இன்னைக்கு எங்க சாஃப்ட்வேர் ரிலீசுங்க. இன்னொரு தடவை நடுவுல எந்திரிச்சுப் போனா ப்ராஜெக்ட்ல இருந்து தூக்கிருவேன்னு மேனேஜர் சொல்லிட்டாருங்க. அப்புறம் வேலையே இருக்காது."

"நீ போ தாயி. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் போன கொஞ்ச நேரத்தில் பட்டுவின் உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. யோசனை என்னுடையதுதான். படுக்கையறை! காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்த புருஷோத்தமன் துள்ளினான். "பாலிசியில நான் போட்ட வீட்டுப் பிளான்ல அந்த ரூமே கிடையாதுய்யா!" பட்டுவைக் கட்டிலில் படுக்க வைத்து, பழைய வழக்கப்படி தலைக்குத் துணி போட்டு, நான் காவல் உட்கார்ந்தேன்.

கம்பெனியிலிருந்து பிரசன்னா என்று ஒரு பையன் வந்தான். சென்னைக்காரன், கழுத்தில் அடையாள அட்டை, மரியாதை தெரிந்தவன். பிரியாணி வேண்டாம் என்றான். அதுவே அபசகுனம். பிறகு பாலிசியைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினான். புருஷோத்தமன் படுக்கையறைக் கதவிடம் நழுவி வந்து, வாயைப் பொத்திக்கொண்டு சொன்னான்: "டேய், அவன் படிக்கிறான்டா!" அவன் கண்ணில் நீர். வாழ்க்கையில் கிடைத்த முதல் வாசகன். நானும் எட்டிப் பார்க்கக் கூடத்துக்குப் போனேன்.

எல்லாம் சரி என்று பிரசன்னா கையெழுத்துப் போடக் குனிந்தபோது, பட்டு என் துண்டை இழுத்துக்கொண்டு தள்ளாடி வந்து கனகவல்லியின் மடியில் ஏறினாள். அவன் சிரித்துக்கொண்டே கன்னத்தைத் தட்டினான். கை அங்கேயே நின்றது.

"ஆன்ட்டி, ரொம்ப சுடுதே."

பாலிசிப்படி வாங்கி வைத்த தெர்மாமீட்டரை அவனே எடுத்துவந்தான். நூற்றிரண்டு.

கனகவல்லி மறைக்கவில்லை. "தம்பி, இவ அம்மா உங்க கம்பெனிதான். இன்னைக்கு நடுவுல வந்தா வேல போயிரும்னு சொல்லிட்டுப் போயிருக்கா. நீங்களே அந்த மேனேஜருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்களேன்."

"அது ப்ராஜெக்ட் டெலிவரி சைடு ஆன்ட்டி. நான் எச்.ஆர். அதுல நான் தலையிட முடியாது."

"ஒரே கட்டடம்தான?"

"வேற ஃப்ளோர்."

அவனே இரக்கப்பட்டு வழி சொன்னான். "இப்பவே கூப்பிட்டு, ஒன் அவர்ல குழந்தையை ஒப்படைச்சீங்கன்னா, பாலிசி நடைமுறையில இருக்குன்னு எழுதிடறேன். இல்லன்னா ரிஜெக்ட்தான் பண்ணணும். உங்க பாலிசிதானே ஆன்ட்டி, நாங்க எழுதலையே."

கனகவல்லி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். புருஷோத்தமனைப் பார்த்தாள். அவன் தன் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போனை எடுத்தாள்.

"சுபா, வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போ."

அந்தப் பக்கம் பேசியது கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது: "பாத்துக்கறேன்னு சொன்னீங்களே ஆன்ட்டி."

"பாலிசிம்மா" என்றாள் கனகவல்லி.

ஆட்டோவில் வந்து இறங்கினாள் சுபாஸ்ரீ. பிரசன்னா மணியைப் பார்த்து எதையோ குறித்துக்கொண்டான். பட்டு கனகவல்லியின் முந்தானையை விடவில்லை. கனகவல்லியே ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். சுபாஸ்ரீ அவள் முகத்தைப் பார்க்காமல், "எங்க கையெழுத்துப் போடணும் மேடம்?" என்று கேட்டாள். போட்டாள். போனாள்.

"சூப்பர் ஆன்ட்டி! பேப்பர்ல இருக்கிறதை அப்படியே செய்ற காப்பகத்தை இன்னைக்குத்தான் பார்க்கறேன்" என்றான் பிரசன்னா.

சான்று வந்தது, சட்டம் போட்டு மாட்டினோம். சுபாஸ்ரீயைச் சொன்னபடியே தூக்கினார்கள். கொஞ்ச நாளில் பட்டுவோடு கோயம்புத்தூர் போய்விட்டாள் என்று கேள்வி. கம்பெனி ஊழியர் அல்லாதவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் கிடையாது, அதுவும் பாலிசிதான். பட்டு விட்டுப் போன இடத்தில் கம்பெனிப் பிள்ளைகள் வந்து குவிந்தன. ஒட்டகச்சிவிங்கி ஆள் இல்லாமல் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

காய்ச்சல் என்று ஒரு பிள்ளையைக்கூட அதற்குப் பிறகு திருப்பி அனுப்ப வேண்டி வரவில்லை. நோயே அண்டாத காப்பகம் என்று கம்பெனி கேடயம் கொடுத்தது. புருஷோத்தமன் தன் எழுத்தைக் கண்டு வைரஸ் மிரண்டு ஓடுவதாகக் காலனி முழுக்கச் சொல்லித் திரிகிறான். நானும் அப்படித்தான் கூட்டிச் சொல்லியிருப்பேன், காலையில் வாசலில் நின்று பிள்ளைகளை வாங்காமல் இருந்திருந்தால். தாய்மார்கள் கண்ணைப் பார்க்காமல் கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள். நெற்றியெல்லாம் சில்லென்றுதான் இருக்கிறது. வாயைத் திறந்தால் காய்ச்சல் சிரப்பின் இனிப்பு வாடை. வீட்டிலேயே ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறார்கள். மருந்து பதினொரு மணி வரைதான் தாங்கும்.

பதினொரு மணிக்கு மேல் கனகவல்லி எந்தப் பிள்ளையின் நெற்றியையும் தொடுவதில்லை.