ஷவ்கத் கேட்டனுப்பிய புளிப்பு

குடைகத்தியை நுழைத்து ஒரு திருகு, ஒரு இழுப்பு. சோறு அடைத்துச் சமைக்க விற்கும் பிஞ்சுச் சுரைக்காயின் சதை முழுசாகக் கையோடு வந்துவிட வேண்டும். தோல் கிழிந்த காய்க்குக் கூலி கிடையாது. கிழிந்ததை வேலைக்காரிகள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது கடைக்காரர் அபூ ரஷாதின் பெருந்தன்மை. வியாழக்கிழமைகளில் மட்டும் நஸீஹாவின் கையில் காய்கள் கொஞ்சம் அதிகமாகவே கிழிந்தன.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைன்னு உன் கத்திக்கும் தெரிஞ்சிருக்கும்மா," என்றார் அபூ ரஷாத்.

"அதுக்கும் புருஷன் உள்ள இருக்கான் போல," என்றாள் நஸீஹா. பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

நஸீஹாவின் புருஷன் ஷவ்கத் தறி மெக்கானிக். உள்நாட்டுச் சண்டையில் அலெப்போ நகரம் கிளர்ச்சிக்காரர்களின் கிழக்கு, அரசின் மேற்கு என்று இரண்டாக உடைந்தபோது வீடு கிழக்கே மாட்டிக்கொண்டது, ஆலை மேற்கே மாட்டிக்கொண்டது. நின்றுபோன சம்பளத்தைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவனைக் கடவுப்பாதையில் வைத்தே ராணுவப் போலீஸ் அள்ளிக்கொண்டது. அடையாள அட்டையில் கிழக்குத் தெருவின் பெயர் இருந்தது. அதற்குமேல் குற்றம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து வெள்ளிதோறும் நஸீஹா மகளை வீட்டில் விட்டுவிட்டு, அவனுக்கான சாப்பாட்டுப் பாத்திரத்தோடு தெருவைக் கடக்கிறாள். கிழக்குப் பக்கத் துப்பாக்கிக்காரர்கள், மேற்கே ஒரு பருக்கை போகக் கூடாது என்று சட்டம் பேசிவிட்டு, மூடியைத் திறந்து விரலை விட்டு இரண்டு காய் எடுத்துத் தின்றுவிட்டு அனுப்புவார்கள். நடுவில் பேருந்துகளைக் குறுக்கே போட்ட வெட்டவெளி. மாடியிலிருந்து சுடுகிறவன் கண்ணில் படாமல் அங்கே ஓடித்தான் ஆக வேண்டும். குழம்பு சிந்தாமல் ஓடக் கற்றுக்கொண்டிருந்தாள். மேற்கு முனையில் ராணுவ வீரன் மோந்து பார்ப்பான், காறித் துப்பாமல் விட்டால் நல்ல நாள்.

ராணுவப் போலீஸ் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியைச் சிறையாக்கி வைத்திருந்தது. வாசலில் மணல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் காவல்காரன் முன்ஸிர். மற்ற காவலர்கள் வாயைத் திறந்தால் ஆத்தாவையும் அக்காளையும் இழுக்காமல் மூட மாட்டார்கள். முன்ஸிர் அப்படியில்லை. 'அக்கா' என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய முறை நாளாகப் பார்த்து வரிசை நீண்டுவிடும்.

அவன் சேதியும் கொண்டுவருவான். "அக்கா, போன வாரம் உப்புக் கொஞ்சம் தூக்கலாம். சொல்லச் சொன்னாரு." பிறகு ஒருநாள், "புளிப்பா ஏதாச்சும் கேக்குறாரு அக்கா. எலுமிச்சை நல்லாப் பிழிஞ்சு, திராட்சை இலையில அரிசி வச்சுச் சுருட்டுவீங்களே, அது."

ஷவ்கத்துக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சையைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பான். உள்ளே போய் மனுஷனுக்கு நாக்கே மாறிவிட்டது என்று அவள் அன்றிரவு அழுதாள், அழுதுகொண்டே இலை சுருட்டினாள். பாத்திரம் ஒவ்வொரு வாரமும் தேய்த்துக் கழுவித் திரும்பி வந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தேநீர்க் குவளையைக்கூடக் கழுவாதவன்! "விடுதலையாகி வரட்டும், அடுக்களையை அவன்கிட்டயே ஒப்படைச்சுடறேன்," என்று வரிசையில் நின்ற ஸப்ரியா பெரியம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். ஸப்ரியாவின் மகன் ஹமூதும் உள்ளேதான் இருந்தான்.

அந்த வெள்ளியன்று முன்ஸிருக்குத் தூக்கம் கெட்ட கண்கள். அந்த வாரச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, துணியில் முடிந்த போன வாரப் பாத்திரத்தை நீட்டினான். நஸீஹாவின் கை தாழ்ந்தது. பாத்திரம் கனத்தது.

அங்கேயே நின்று முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அச்சில் அடித்த ரவைப் பலகாரங்கள், பேரீச்சம்பழம் வைத்துச் சுட்டவை, மேலே சீனி தூவி, நசுங்காமல் இருக்க மெல்லிய காகிதம் போட்டு மூடியிருந்தது. ஒன்றை எடுத்தாள். மர அச்சின் பூ அதன்மேல் தெளிவாகப் பதிந்திருந்தது.

அந்த ஊரில் எந்தப் பெண்ணும் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டாள். வீட்டில் ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி உலர்ந்த புதினாவையாவது போட்டுத்தான் கொடுப்பாள். வெறும் பாத்திரம் கொடுப்பது கொடுத்தவளை அவமதிப்பது. நஸீஹாவின் கைக்கு அது உடனே புரிந்துவிட்டது. மனசுதான் பின்னால் தட்டுத் தடுமாறி வந்தது. இதை ஒரு பெண் சுட்டிருக்கிறாள். வீட்டில், அடுப்பில் சுட்டிருக்கிறாள். தன் சமையலைச் சாப்பிட்டவள் சுட்டிருக்கிறாள்.

"தம்பி, இது யாரு வச்சது?"

முன்ஸிர் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. "கழுதை," என்றான் மெல்ல. "ஒண்ணும் போடாதடின்னு சொல்லல. சொல்லாம விட்டது என் தப்பு." கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான், அவளை மணல் மூட்டைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

"உம் பொண்டாட்டியா?"

"அவளுக்கு எதுவும் தெரியாதுக்கா. சாப்பாட்டைக் கூட வேலை செய்யுறவனோட அம்மா குடுத்தனுப்புறாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். மசக்கையில நீ செஞ்சதுதான் வயித்துல தங்குச்சு. வேற எதைத் தின்னாலும் வாந்தி."

"அப்ப புளிப்பு கேட்டது..."

அவன் வரிசைப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"ஷவ்கத் எங்க?"

"சத்தம் போடாத."

"ஷவ்கத் எங்கடா?"

"நான் இங்க மாத்தலாகி வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சுக்கா. சத்தியமா அந்த ஆள நான் கண்ணால பாத்ததில்ல." ஏதோ அது தனக்குப் பெருமை போலச் சொன்னான். "பட்டியல்ல பேரை மட்டும் எடுக்காம வச்சிருந்தாங்க. நீ வந்து நின்ன. கையில சாப்பாடு வேற."

"எங்க புதைச்சிருக்கு?"

"அதெல்லாம் என் வேலை இல்ல."

நஸீஹா அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான், நிதானமாக, பழகிய கையால். கடைசி விரலைப் பிரிக்காமல் பின்னுக்கு மடக்கினான்.

"உனக்கு ஒரு மக இருக்கால்ல? உள்ள பொம்பளைங்களுக்கும் தனி அறை இருக்கு. வாயத் திறந்தேன்னா ரெண்டு பேரும் சேந்தே இருக்கலாம். நான் இன்னும் அக்கான்னுதான் பேசிட்டிருக்கேன், பாத்துக்க." விரலை விட்டான். "இதைச் சுட்டு வச்ச மறுநாளே, முந்தாநேத்து, ஆம்பளப் புள்ள பொறந்துருக்கு. இந்த நேரத்துல யார் வயித்தெரிச்சலும் எனக்கு வேணாம்."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலுக்குத் திரும்பினான். அடுத்து நின்றவள் ஸப்ரியா.

"என் ஹமூத் எப்படி இருக்கான், தம்பி?"

"நல்லா இருக்கான், பெரியம்மா. கராவியா சாப்பிடணும் போல இருக்காம்."

ஸப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். "கராவியாவா! அது புள்ள பெத்த வீட்டுல வர்றவங்களுக்குக் கிண்டிக் குடுக்குறதாச்சே! உள்ள உக்காந்து எவனுக்குடா பேறுகாலம் பாக்குறான் எம்புள்ள?" வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. அந்த வாசலில் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிருந்தது. கிழவியின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. "வாயைத் திறந்து கேட்டுட்டானே, அது போதும். ஆனா நான் எங்க போவேன்? சீனி விக்கிற விலையில..."

"சீனி நான் தர்றேன், பெரியம்மா," என்றாள் பின்னால் நின்றவள்.

"எங்கிட்ட ஒரு பிடி வாதுமை இருக்கு. பெருநாளுக்குன்னு ஒளிச்சு வச்சது. எடுத்துக்க."

"மசாலாப் பொடி எங்க அக்கா வீட்டுல கிடைக்கும். ஏலக்காயும் கேட்டு வாங்கியாறேன்."

ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். அரை வயிறு கஞ்சிக்கு வழியில்லாதவர்கள், கல்யாண வீட்டுக் கூட்டம் போலக் கலகலத்தார்கள். முன்ஸிர் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஸப்ரியா திரும்பினாள். மணல் மூட்டையோரம் பாத்திரத்தை வயிற்றோடு அணைத்தபடி நின்றவளைக் கண்டாள்.

"ஏண்டி, நீ மட்டும் ஏன் ஒதுங்கி நிக்கிற? அரிசி மாவு ஒண்ணுதான் குறையுது. உங்கிட்ட இருக்கா?"

முன்ஸிர் நஸீஹாவைப் பார்த்தான். வரிசையில் எல்லாரும் பார்த்தார்கள்.

"இருக்கு, பெரியம்மா," என்றாள் நஸீஹா. "கொண்டாறேன்."