கறுப்புத் திரையில் ஒரு கப்பல் பில்

1

இந்தக் கதை காப்பித்தூளில் தொடங்கியது. தூத்துக்குடியில் கப்பல்களுக்குக் காய்கறி, மளிகை அனுப்பும் காசிலிங்கம் அண்ணாச்சி கடைக்குத் தூள் வாங்கப் போனேன். கம்ப்யூட்டர் திரை முழுக்கக் கறுப்பு. சுற்றி ஒரே சிரிப்பு. காரணம் கேட்டேன். கேட்டதில் பாதி இங்கே இருக்கிறது, மீதி என் கைச்சரக்கு.

2

முத்துநகரின் கடற்கரையில் கதிரவன் தன் பொற்கரங்களை…

(வேண்டாம். முருகேஸ்வரிக்குக் கதிரவனைப் பார்க்க நேரமில்லை.)

அந்தக் கடையில் பில் போடுகிற முருகேஸ்வரி, தானே பேசிப் பிடித்த முதல் கப்பல் அது. லாரியில் சரக்கு ஏறிவிட்டது. அச்சடித்த பில் இல்லாமல் துறைமுக வாசலில் விடமாட்டார்கள். மதியத்துக்குள் போகாவிட்டால் கப்பல்காரர்கள் வேறு கடையைப் பார்த்துக்கொள்வார்கள். அன்று பார்த்து, பழைய பிரிண்டரின் மென்பொருள் புதியதோடு மல்லுக்கு நின்று, பில்லை அச்சாக விடவில்லை. பழையதை நீக்க, கம்ப்யூட்டருக்கு நேரடியாகக் கட்டளை எழுதுகிற கறுப்புச் சன்னலைத் திறந்து ஒரு வரி தட்டினாள். இதோடு இவையும் போகும் என்று பெயர்கள் மளமளவென்று வந்தன. தொடர 'ஒய்', நிறுத்த 'என்', எந்த எழுத்து என்று கேட்டு நின்றது.

"ஆத்தாடி, டெஸ்க்டாப்பே போயிரும் போலிருக்கு. வேண்டாம்னு குடுத்திருதேன் அண்ணாச்சி."

வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கடையில் 'இல்லை', 'வேண்டாம்' என்ற சொற்களே வரக்கூடாது. சீனி தீர்ந்திருந்தால்கூட 'நாளைக்கு வருது' என்றுதான் சொல்வார்கள்.

"ஏளா! வெள்ளியும் அதுவுமா வேண்டாங்கியே!" என்று அண்ணாச்சியே எட்டி ஒய்யைத் தட்டி, என்டரையும் அமுக்கிவிட்டார்.

திரையில் இருந்த படமெல்லாம் போய், வெறும் கறுப்புதான் மிஞ்சியது.

3

அண்ணாச்சி மேல் வந்த கோபத்தில் அவரைக் கதையிலிருந்தே நீக்கிப் பார்த்தேன். கடை போனது, லாரி போனது, கப்பலும் போனது. முருகேஸ்வரி மட்டும் வெயிலில் நின்று என்னை முறைத்தாள். பேசாமல் அவரைத் திரும்ப ஏற்றிவிட்டேன்.

4

(முதல் வரைவில் இங்கே அவள் அழுதாள். அவள் அழுகிற ஆளா? அந்த வரியை அடித்துவிட்டேன்.)

படம்தானே போயிருக்கிறது, பில் உள்ளேதான் இருக்கிறது என்று அவளுக்குச் சட்டென்று உறைத்தது. மல்லுக்கு நின்ற பழையதும் தொலைந்தாயிற்று. கறுப்புத் திரையிலேயே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, பில்லை அச்சடிக்கச் சொல்லி ஒற்றை வரி தட்டினாள். பிரிண்டர் கர்ரென்று தாளை இழுத்தது.

"படமே இல்லாம பில்லு வருதுளா!" என்று துள்ளிய அண்ணாச்சி, லாரி டிரைவர் ரோச்சைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, வண்டிய எடுல!"

5

டெஸ்க்டாப்பைத் திரும்ப ஏற்றும் வரியைத் தட்டிவிட்டு அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக ரோச் கூப்பிட்டான்.

"எக்கா, சரக்கு கப்பல்ல ஏறியாச்சு. சமையக்காரரு உங்க பேரக் கேட்டு வாங்கிக்கிட்டாரு. அடுத்த தடவையும் நீங்கதானாம்!"

எழுதும்போதே எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கேட்டதும் அவள் என்ன செய்தாள்? கத்தினாள் என்று எழுதினேன். வாழைத்தாரில் ஒரு பழத்தைப் பிய்த்து அண்ணாச்சி வாயில் திணித்தாள் என்று எழுதினேன். கல்லாப்பெட்டியில் தாளம் போட்டு… ம்ஹூம், எதுவும் அவளுக்குப் போதவில்லை. நீங்களே எழுதுங்கள். சன்னமாக எழுதிவிடாதீர்கள், கப்பல்வரை கேட்க வேண்டும்.