ஒரு சாண்

ராணுவத் தளபதிகள் அரசியல் சாசனத்தை ரத்து செய்த காலையில், தாய்லாந்தின் அம்பவா ஊர்க் கால்வாய்க்கரைப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த தவின் தரையைவிட்டு எழும்பித் தென்னை உயரத்தில் போய் நின்றான். நாட்டு மண்ணிலிருந்து எந்தக் குடிமகனையும் விலக்கக் கூடாது என்ற பிரிவை அப்போதுதான் கரும்பலகையில் எழுதியிருந்தான். அது செல்லாமல் போனதும் மண் அவனை விட்டுவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மிதப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அடுத்தவர் தலைக்கு மேலே பாதம் இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

"புஸ்ஸபா, உன் புருஷனைக் காலை மடக்கச் சொல்லுடி! நான் நூடுல்ஸ் விக்கவா, அவர் பாதத்தைக் கும்பிடவா?" என்று படகில் கடை போட்டிருந்த லம்யாய் கத்துவாள்.

"மன்னிச்சுக்கோங்க அக்கா," என்று மேலிருந்து சொல்லிவிட்டுத் தவின் சம்மணமிட்டுக்கொள்வான். "வாசனை இங்க வரைக்கும் வருது."

"வாசனையோட நிறுத்திக்கோ!"

புஸ்ஸபா மூங்கில் கழியில் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டி நீட்டுவாள். மழைக்காலங்கள் போயின. அவன் முகம் தினமும் தெரிந்தது, பேச்சும் கேட்டது. அவள் ஏங்கியது வேறொன்றுக்கு: வீட்டு மரப்படியில் அவன் ஏறிவரும் சத்தத்துக்கு. அது கேட்காத வீட்டில் தன் மூச்சே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

பிறகு தளபதிகளே ஓர் அரசியல் நிர்ணய சபையை அமைத்தார்கள். சபை கருத்துக் கேட்க அம்பவா வந்தபோது புஸ்ஸபா எழுந்து, அந்தப் பிரிவைத் திரும்ப எழுதச் சொன்னாள். சபை உறுப்பினர் பேராசிரியர் கிரைஸி ஜன்னல் வழியே தவினைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எழுதிடலாம்மா. ஆனா 'சட்டம் சொல்லும் காரணங்கள் தவிர'ன்னு கூடவே ஒரு வரி சேர்க்கணும். இல்லேன்னா தளபதிங்க விடமாட்டாங்க."

"அந்த வரியால அவர் இறங்காம போயிடுவாரா ஐயா?"

"தெரியலம்மா."

புதிய சாசனம் வெளியான அன்று தவின் மெல்ல இறங்கினான். தென்னை மட்டையைத் தாண்டி, கூரையைத் தாண்டி, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டான். புஸ்ஸபா அவன் தோள்களைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். அதற்குமேல் இறங்கவில்லை.

"போதும் விடுடி, கால் தலைக்குக் கீழ வந்துடுச்சே," என்றாள் லம்யாய்.

அதன்பின் அவன் வீட்டுக்குள் ஏறும்போதெல்லாம் புஸ்ஸபாவும் கூடவே ஏறினாள், ஒவ்வொரு படியையும் இரண்டு முறை மிதித்துக்கொண்டு.